கோர்தாரா, கோர்தாராஸ், கோர்தாரா

ஏப்ரல் 7, ஞாயிறு

சுலோச்சனா காலை ஒன்பதரைக்கே கிளம்பிவிட்டாள். கையில் நோட்டு, பேனா, தண்ணீர் பாட்டில். வயது நாற்பத்தெட்டு. ரெட்டை ஜடை போட்டுக்கொள்ளாததுதான் குறை.

ஸ்பானிஷ் படிக்கிறாளாம். ஆம்பூரில் அவள் வேலை செய்யும் ஷூ கம்பெனி, ஸ்பெயின் தேசத்தில் எல்டா என்கிற ஊரில் ஒரு சாம்பிள் கூடம் திறக்கிறது. அங்கே இரண்டு வருடம் இருந்து ஷூவுக்கு பேட்டர்ன், அதாவது தோல் வெட்டுகிற அளவு அட்டை, வெட்டித் தர ஒரு ஆள் வேண்டும். அந்த ஆள் இந்த வருடத்துக்குள் ஸ்பானிஷ் பரீட்சை ஒன்றில் தேற வேண்டும். ஜனவரியில் மூன்று பேர் சேர்ந்தார்கள். ஒருவனுக்கு நாக்கு சுழலவில்லை, ஒருத்திக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது. மிச்சம் நிற்பவள் என் மனைவி.

சொல்லித்தர வேலூரிலிருந்து நிவேதன் என்று ஒருவன் பஸ் ஏறி வருகிறான். ஒற்றைக் காதில் கடுக்கன். போன வாரம் தெருமுனையில் என்னைப் பார்த்து "ஓலா சார்" என்றான். கார் பிடித்துத் தரச் சொல்கிறானாக்கும் என்று நினைத்தேன். ஸ்பானிஷில் வணக்கமாம்.

மதியம் நானே சமைத்தேன். ரசத்தில் உப்பு கொஞ்சம் தூக்கல். யாரும் சாகவில்லை.

ஏப்ரல் 8

நேற்று புதுப் பாடமாம். இம்பெர்ஃபெக்தோ தெ சுப்ஹுந்திவோ. பெயரைச் சொல்வதற்குள் இரண்டு பல் ஆடிவிடும். இது எதற்கு என்று கேட்டேன். நடக்காததைச் சொல்ல, நடக்க வேண்டும் என்று ஆசைப்பட்டதைச் சொல்ல, நடந்துவிடுமோ என்று பயந்ததைச் சொல்ல என்றாள். நடக்காத காரியத்துக்கு ஒரு தனி வாய்பாடு போட்டு வைத்திருக்கும் ஜனங்கள் எப்படி அத்தனை கப்பல் ஓட்டினார்கள் என்று தெரியவில்லை.

நான் முப்பத்தொரு வருடம் சார்பதிவாளர் ஆபீஸ் வாசலில் பத்திரம் எழுதியவன். நடந்ததை மட்டும் எழுதுவேன். விற்றார், வாங்கினார், கிழக்கே பொதுப்பாதை, மேற்கே இன்னார் மனை. விற்றிருந்தால், வாங்கியிருந்தால் என்று எவனாவது என் மேஜைக்கு வந்திருந்தால் எழுப்பி அனுப்பியிருப்பேன்.

ஏப்ரல் 11

குக்கர் விசிலோடு போட்டி போட்டுக்கொண்டு மனப்பாடம் நடக்கிறது. வெட்டுவதற்கு கோர்தார் என்று சொல்கிறார்கள். இவள் பேட்டர்ன் வெட்டுகிறவள், வேறு வினைச்சொல்லா பிடிப்பாள். அது ஒழுங்கான வினையாம், அதற்குள் ஊழல் கிடையாதாம்.

கோர்தாரா, கோர்தாராஸ், கோர்தாரா, கோர்தாராமோஸ், கோர்தாராய்ஸ், கோர்தாரான்.

கேட்டுக்கேட்டு எனக்கு ரத்தக்கொதிப்பு ஏறுகிறது. அதிலும் 'நான்' வரும் இடத்திலும் 'அவன்' வரும் இடத்திலும் ஒரே கோர்தாரா. வெட்டியவன் நானா அவனா என்று கோர்ட்டில் கேட்டால் என்ன செய்வார்கள்?

ஏப்ரல் 14, ஞாயிறு

வருடப் பிறப்பு. வேப்பம்பூ பச்சடி, வடை, பாயசம் எல்லாம் செய்துவிட்டுத்தான் படிக்க உட்கார்ந்தாள். அதைக் குறை சொல்ல முடியாது.

வடை தின்னும்போது சும்மா இருக்க மாட்டாமல், எப்படித்தான் இத்தனையும் ஞாபகம் வைக்கிறாய் என்று கேட்டுவிட்டேன். தப்பு. அரை மணி நேரம் விளக்கினாள். கம்பெனியில் லேடீஸ் ஷூவுக்கு முதலில் முப்பத்தேழாம் சைஸில் ஒரு பேட்டர்ன் வெட்டுவார்களாம். அதுதான் பேஸ். அதை வைத்துத்தான் முப்பத்தைந்தும் நாற்பத்தொன்றும் வரும். அது போல இங்கே 'அவர்கள் வெட்டினார்கள்' என்பதற்கு கோர்தாரோன். அதுதான் பேஸ். வாலில் இருக்கும் 'ரோன்' மட்டும் கத்தரித்துவிட்டால் 'கோர்தா' நிற்கும். அதன் மேல் ரா, ராஸ், ரா, ராமோஸ், ராய்ஸ், ரான். எந்த வினை வந்தாலும் இந்த அளவுதான். 'ராமோஸ்' வரும்போது மட்டும் அதற்கு முந்தின எழுத்தை அழுத்திச் சொல்ல வேண்டும், அங்கே தலையில் ஒரு கோடு போடுவார்கள்.

"நிவேதன் சாரே இப்பிடிச் சொல்லித் தரலிங்க. நானா கண்டுபிடிச்சன்" என்றாள்.

முகத்தில் என்ன வெளிச்சம். என் கண் ஆபரேஷன் நல்லபடி முடிந்த அன்றுகூட இப்படிச் சிரிக்கவில்லை. வடை ஆறிவிட்டது என்று சொன்னேன்.

ஏப்ரல் 19

தண்ணீர் லாரி வரவில்லை. மின்வாரியக்காரன் வந்தான், மரக்கிளையைப் பார்த்தான், போய்விட்டான்.

இதே வாய்பாட்டுக்கு இன்னொரு செட்டும் இருக்கிறதாம். கோர்தாசே, கோர்தாசேஸ். அர்த்தம் அதேதான். ஒன்று போதாதென்று இரண்டு. வேலையில்லாத தேசம்.

ஏப்ரல் 23

பெங்களூரிலிருந்து பிரமிளா போன் செய்தாள். பெற்ற மகள், என்னிடம் ஒன்றரை நிமிடம், அம்மாவிடம் நாற்பது நிமிடம். எல்டாவில் குளிர் எப்படி, எந்த ஸ்வெட்டர், அரிசி கிடைக்குமா என்று ஊர் போய்ச் சேர்ந்துவிட்டவர்கள் மாதிரி பேச்சு. கடைசியில் என்னிடம், அம்மா போய்விட்டால் நீங்கள் என்ன செய்வீர்கள், இங்கே வந்துவிடுங்கள் என்றாள். நான் ஏன் வர வேண்டும்? இரண்டு வருடம் என்றால் எழுநூற்று முப்பது நாள். எனக்கு என்ன கஷ்டம்?

கண்ணுக்கு ராத்திரி ராத்திரி சொட்டு மருந்து விடுவது அவள்தான். இன்று நானே விட்டுப் பார்த்தேன். மூன்று சொட்டு கன்னத்தில், ஒன்று காதில். பழகினால் வந்துவிடும்.

ஏப்ரல் 28, ஞாயிறு

பரீட்சை விண்ணப்பம் வந்துவிட்டது. ஜூலை 13, சென்னை. சுலோச்சனா கம்பெனியில் யாரையாவது வைத்து நிரப்பிக்கொள்கிறேன் என்றாள். எனக்குக் கோபம் வந்தது. வீட்டில் முப்பத்தொரு வருடம் எழுதினவன் உட்கார்ந்திருக்கும்போது கம்பெனிப் பொடியன் ஃபாரம் நிரப்புவதா? கொடு என்று வாங்கினேன்.

ஃபாரமா அது. நாலாம் கிளாஸ் பிள்ளை நிரப்பிவிடும். குடும்பப் பெயர் என்று ஒரு கட்டம். நமக்கு ஏது குடும்பப் பெயர்? பெண்ணென்றால் கல்யாணம் வரைக்கும் அப்பா பெயர், அதற்கப்புறம் புருஷன் பெயர். இது சட்டப் புஸ்தகம் பார்க்க வேண்டிய விஷயமில்லை. சுலோச்சனா முனிரத்தினம் என்று கொட்டை எழுத்தில் எழுதினேன். பாஸ்போர்ட் எண்ணை மட்டும் பாஸ்போர்ட்டைத் திறந்து வைத்துக்கொண்டு எழுதினேன். எட்டு இலக்கம். இரண்டு முறை சரி பார்த்தேன்.

கையெழுத்துப் போடும் இடத்தைக் காட்டினேன். ஒரு தரம் படித்துப் பார் என்றும் சொன்னேன். சொன்னேன் என்பதை இங்கே எழுதி வைக்கிறேன். அவள் அடுப்பில் பால் வைத்திருந்தாள்.

"நீங்க எழுதினதுல நான் இன்னா பாக்கறது" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்விட்டாள்.

ஊரில் எல்லோரும் அப்படித்தான் போடுவார்கள்.

மே 5

மாவு மில். பத்து நிமிட வேலைக்கு ஒரு மணி நேரம்.

மே 26

கத்திரி வெயில். சுலோச்சனா வாக்கியத்துக்கு முன்னேறிவிட்டாள். 'நான் வெட்டினால்' என்றால் வெட்டப்போவதில்லை என்று அர்த்தமாம். 'அவள் வெட்ட வேண்டும் என்று நான் விரும்பினேன்' என்றால் விரும்பினது மட்டும் உண்மை, வெட்டினாளா என்பதைப் பற்றி மொழிக்குக் கவலை இல்லை. நன்றாக இருக்கிறது நியாயம். விரும்பினவனைப் பிடித்து வைத்துக்கொண்டு காரியத்தை விட்டுவிடுவார்கள்.

இன்று 'ராய்ஸ்' சொல்லாமல் தாண்டிப் போனாள். உள்ளேயிருந்து எடுத்துக் கொடுத்தேன். நோட்டிலிருந்து தலை நிமிர்த்திப் பார்த்தாள். காது இருக்கிறவனுக்கெல்லாம் விழும்தானே, இந்த வீட்டில் வேறு சத்தம் எங்கே இருக்கிறது?

ஜூன் 16

மாதிரிப் பரீட்சையில் எண்பத்தி இரண்டு வாங்கியிருக்கிறாள். நிவேதன் கைதட்டினானாம். நூற்றுக்கு எண்பத்தி இரண்டுக்குக் கைதட்டு. பதினெட்டு எங்கே போயிற்று என்று கேட்டேன்.

ஜூன் 30

பெட்டி வாங்கிவிட்டாள். பரீட்சை எழுதவில்லை, பெட்டி வந்துவிட்டது. நீலம். பரண் மேல் ஏற்றி வைக்கச் சொன்னாள். கட்டிலுக்கு அடியில் தள்ளினேன்.

ஜூலை 13, சனி

சென்னை. விடியலில் கிளம்பி எட்டரைக்கெல்லாம் அந்த இடத்துக்குப் போய்விட்டோம். வாசலில் ஒரு பெண் பட்டியலும் பாஸ்போர்ட்டுமாக ஒவ்வொருவரையும் ஒத்துப்பார்த்து உள்ளே விட்டுக்கொண்டிருந்தாள். சுலோச்சனாவின் முறை வந்ததும் நிறுத்திவிட்டாள். பட்டியலில் சுலோச்சனா முனிரத்தினம். பாஸ்போர்ட்டில் சுலோச்சனா கண்ணபிரான். கண்ணபிரான் என் மாமனார். போய்ச் சேர்ந்து பத்து வருடமாகிறது.

இரண்டும் நான்தான் என்று சுலோச்சனா சொன்னாள். அந்தப் பெண் நம்பினாள். ஆனால் பெயர் ஒன்றாக இருந்தால்தான் உட்கார விட முடியும், வேண்டுமானால் நவம்பரில் எழுதலாம் என்று மெதுவாகச் சொன்னாள்.

நான் அரை மணி நேரம் வாதாடினேன். தமிழ்நாட்டு வழக்கம் தெரியுமா, இனிஷியல் என்றால் என்ன தெரியுமா, கல்யாணமான பெண் யார் பெயரைப் போடுவாள் என்று கேட்டேன். உள்ளேயிருந்து வந்த வெள்ளைக்காரர் ஒருவர் கையைக் கூப்பினார், அவ்வளவுதான். ஒரு காகிதத்தைப் படித்து மனிதரைப் புரிந்துகொள்ளத் தெரியாதவர்கள் மொழி சொல்லித்தர வந்துவிட்டார்கள்.

நான் கத்திக்கொண்டிருக்கும்போது சுலோச்சனா படிக்கட்டுப் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். பையிலிருந்து எடுத்து வைத்த இரண்டு பென்சில், ரப்பர், பேனா எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகத் திருப்பிப் போட்டாள். வாதாடவில்லை, அழவில்லை. ரயிலில் புளிசாதப் பொட்டலத்தைப் பிரித்து எனக்கும் பாதி கொடுத்தாள்.

தப்பு அவர்களுடையது.

ஜூலை 14

காலை காபி கொடுத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

"பாஸ்போர்ட் நம்பர் எதப் பாத்து எழுதினீங்க?"

பாஸ்போர்ட்டைப் பார்த்துத்தான் என்றேன்.

"அந்தப் பக்கத்துலதான பேரும் கீது."

கவனிக்கவில்லை என்றேன். ஆபரேஷன் ஆன கண் என்றேன். எட்டு இலக்கம் சரியா இருக்கே என்றாள். எழுந்து துணி ஊற வைக்கப் போய்விட்டாள்.

முப்பத்தொரு வருடத்தில் நான் எழுதின பத்திரத்துக்குப் பிழைதிருத்தல் பத்திரம் ஒன்றுகூடப் போட்டதில்லை. சர்வே எண்ணில் ஒரு இலக்கம் மாறினதில்லை. இதை எதற்கு எழுதுகிறேன் என்று தெரியவில்லை. சும்மா எழுதி வைக்கிறேன்.

ஜூலை 21, ஞாயிறு

ஒன்றுமில்லை.

ஜூலை 29

சுலோச்சனா இப்போது வீட்டில் படிப்பதில்லை. வேலை முடிந்து கம்பெனியிலேயே உட்கார்ந்து படித்துவிட்டு ஏழரைக்கு வருகிறாள். கம்பெனிக்காரர்கள் டிசம்பர் வரைக்கும் பொறுத்துக்கொள்கிறோம் என்று சொல்லிவிட்டார்களாம். அதுவும் எனக்குப் பிரமிளா சொல்லித்தான் தெரியும். என்னோடு சண்டை எதுவும் இல்லை. சாப்பாடு, துணி, சொட்டு மருந்து எல்லாம் நேரத்துக்கு நடக்கிறது. சொட்டு ஒன்றுகூட வெளியே விழுவதில்லை. ஆனால் இமையைப் பிடிக்கும் கையில் முன்பிருந்தது இல்லை, ஆஸ்பத்திரி நர்ஸ் பிடிப்பது போலப் பிடிக்கிறாள்.

வீடு அமைதியாக இருக்கிறது. நிம்மதி.

ஆகஸ்ட் 12

தோசைக்கல் கருகிவிட்டது. தேங்காய் நாரால் தேய்த்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரம் கழித்துத்தான் வாய் எதையோ சொல்லிக்கொண்டிருப்பது தெரிந்தது. கோர்தாராமோஸ். தலையில் கோடு போட வேண்டிய இடத்தில் சரியாக அழுத்திச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஜன்னல் திறந்திருந்தது. எதிர்வீட்டுக்காரர் என்ன நினைத்தாரோ.

செப்டம்பர் 1, ஞாயிறு

சுலோச்சனா தன் புது விண்ணப்பத்தைத் தானே நிரப்பி அனுப்பிவிட்டாள். என்றைக்கு என்று தெரியாது. மேஜை மேல் எந்தக் காகிதமும் இல்லை.

செப்டம்பர் 15

பஸ் ஸ்டாண்டில் நிவேதன் மாட்டிக்கொண்டான். டீ வாங்கிக் கொடுத்தான். சுலோச்சனா மேடம் மாதிரி யாரும் இல்லை சார், வேலூரில் காலேஜ் பிள்ளைகளுக்கே இப்போது நான் அவர்கள் சொன்ன பேட்டர்ன் கணக்கில்தான் நடத்துகிறேன் என்றான். திருட்டுப்பயல். ஒப்புக்கொள்கிறானே, அது ஒன்றுதான் பரவாயில்லை.

பேசிக்கொண்டே ஏதோ உதாரணம் சொல்ல ஆரம்பித்தான், 'பேசு' என்பதற்கு ஆப்லார், அதை நடக்காததில் சொன்னால் என்று இழுத்தான். ஆப்லாரா, ஆப்லாராஸ், ஆப்லாரா என்று முடித்துக்கொடுத்தேன். டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டான். நீங்களும் வகுப்புக்கு வரலாமே சார், வீட்டில் இரண்டு பேருமாகப் பேசிப் பழகலாமே என்றான். எனக்கு வேலை இருக்கிறது என்றேன்.

பேசிப் பழக வேண்டுமாம். கல்யாணமாகி இருபத்தாறு வருடமாகத் தமிழிலேயே பழகவில்லை.

அக்டோபர் 20

மழை. கொல்லைப்பக்கம் ஒழுகுகிறது. பாத்திரம் வைத்தேன்.

நவம்பர் 10

அவள் ஊருக்குப் போனால் பால்காரனுக்கு அரை லிட்டர் போதும் என்று சொல்ல வேண்டும். இப்போதே சொல்ல வேண்டியதில்லை.

நவம்பர் 23, சனி

நானும் வருகிறேன் என்றேன். எதற்கு என்று கேட்டாள். பை தூக்க என்றேன். சரி என்றாள்.

அதே வாசல், அதே பெண். சுலோச்சனா கண்ணபிரான் என்று பட்டியலில் விரல் வைத்தாள், தலையாட்டினாள், உள்ளே விட்டாள். நான் ரோட்டோர டீக்கடையில் நாலரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். கடைக்காரன் மூன்று முறை பெஞ்சைத் துடைத்தான், எழுந்துபோகச் சொல்கிறான் என்று புரியாத ஆளா நான்? நகரவில்லை.

மதியம் வெளியே வந்தவள் முகத்தைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. நன்றாக எழுதியிருக்கிறாள். எப்படி என்று கேட்டேன். பரவாயில்லை என்றாள்.

மூன்றரை ரயிலில் ஜன்னலோரம் கிடைத்தது. அரக்கோணம் தாண்டியது. வாய்மொழித் தேர்வில் என்ன கேட்டார்கள் என்று நான்தான் ஆரம்பித்தேன். முதலில் வேலை பற்றிக் கேட்டார்களாம், அப்புறம் ஆம்பூர் பற்றி. கடைசியாக, வீட்டில் யாராவது போகாதே என்று உன்னைக் கேட்டுக்கொண்டால் என்ன செய்வாய் என்று கேட்டார்களாம்.

என்ன சொன்னாய் என்றேன்.

"அந்த மாதிரி யாரும் கேக்கலன்னு சொன்னன்."

எனக்கு அழுகை வந்தது. எழுதுவதற்கு வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் வந்தது. பெட்டியில் அத்தனை பேர் இருந்தார்கள். வேர்க்கடலைக்காரன் நடுவில் புகுந்து போகும்வரை பொறுத்துக்கொண்டேன்.

"நீ போவக்கூடாதுன்னுதான் சுலோச்சனா என் பேர எழுதினேன். பாஸ்போர்ட்டப் பாத்துக்கினேதான் எழுதினேன். கண்ணு நல்லாத்தான் தெரிஞ்சுது. நீ இல்லாம அந்த வீட்டுல இருக்க என்னால முடியாது."

இருபத்தாறு வருடத்தில் அவளிடம் இவ்வளவு நீளமாக நான் எதையும் சொன்னதில்லை. அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் தேவலை. சேலைத் தலைப்பால் என் கன்னத்தைத் துடைத்துவிட்டாள், இந்தக் கண்ணில் தண்ணீர் நிற்கக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.

"தெரியும்" என்றாள். தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"இத ஏப்ரல்லயே வாயத் தொறந்து சொல்லியிருந்தீங்கன்னா, நான் அந்த ஃபாரமே வாங்கியிருக்க மாட்டன்."

அப்படியானால் இப்போது என்று கேட்டேன்.

"இப்ப போவன்" என்றாள்.

ஆம்பூரில் இறங்கினோம். பையை நான் எடுக்கப் போனேன், அவளே தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தாள்.